ஸ்டெர்ன்டிரைவ்: எந்தப் பாகம் எதுவரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படகு வைத்திருப்போருக்கான பராமரிப்பு யோசனைகளைத் தொகுத்துத் தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். எஞ்சினைப் பற்றி அதில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் சரியானவையே. ஆனால் ஸ்டெர்ன்டிரைவுக்கு ஒதுக்கப்பட்ட ஒரே பத்தியில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்வரை அதில் கைவைக்க வேண்டியதில்லை என்ற பொருளில் எழுதியிருந்ததும், கட்டுரையின் முடிவிலிருந்த அட்டவணையில் "டிரைவ்: தேவைப்படும்போது" என்று ஒரே வரியில் முடித்திருந்ததும் என்னை உறுத்தின. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில், அந்த ஒரு வரியை நம்பி யாராவது தம் படகை இன்னொரு பருவத்துக்கு நீரில் விட்டுவிடுவார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

இந்த அமைப்பை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெர்ன்டிரைவில் எஞ்சின் படகுக்குள்ளே, பின்பலகையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். கியர்களும் புரொப்பெல்லரும் அடங்கிய டிரைவ் பகுதி பின்பலகைக்கு வெளியே நீரில் தொங்கும். 1959-ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் வால்வோ பென்டா நிறுவனம் அக்வாமேட்டிக் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்த வடிவமைப்போடு சேர்த்துப் பேசப்படுபவர் ஜிம் வின் என்ற பொறியாளர். கார் எஞ்சின் போன்ற கனமான எஞ்சினைப் படகுக்குள் வைத்துக்கொண்டு, பின்பலகைக்கு வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினைப் போலவே டிரைவை இடவலமாகத் திருப்பவும் மேலே தூக்கவும் முடிகிறது என்பதே இதன் வசதி. அந்த வசதிக்கான விலையும் அதிலேயே இருக்கிறது. எஞ்சினிலிருந்து வரும் தண்டு, நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள துளை வழியாகப் பின்பலகையைக் கடந்து, எந்நேரமும் திரும்பவும் எழும்பவும் கூடிய ஒரு டிரைவுக்குள் போய்ச் சேர வேண்டும். அந்தத் துளைக்கும் வெளியிலுள்ள நீருக்கும் நடுவே இருப்பது, இரு முனைகளிலும் எஃகுக் கிளாம்ப் போட்டு இறுக்கிய ஒரு ரப்பர் குழாய் மட்டுமே. ஆர்மோனியத்தின் துருத்தியைப்போல மடிப்பு மடிப்பாக இருக்கும் அதைத்தான் பெல்லோஸ் என்கிறோம்.

தேய்மான பாகம் ஒன்றை மாற்றுவதா, இன்னும் ஓட்டுவதா என்று யாராவது கேட்டால், அது இப்போது எப்படி ஓடுகிறது என்று நான் முதலில் விசாரிப்பதில்லை. இந்தப் பாகம் கெடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுக் கெடுமா, சொல்லாமல் கெடுமா என்று பார்ப்பேன். அடுத்து, கெட்டால் தன்னோடு வேறு எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்று பார்ப்பேன். சொல்லிவிட்டுக் கெடுவதும், கெட்டாலும் தன்னோடு முடிந்துபோவதுமான பாகத்தைக் கடைசிவரை ஓட்டலாம். சொல்லாமல் கெட்டு, பக்கத்திலிருப்பதையும் சாகடிக்கும் பாகத்தை, அது நன்றாக இருக்கும்போதே கழற்றி எறிவதுதான் சிக்கனம். ஸ்டெர்ன்டிரைவில் இரண்டு வகையும் அடுத்தடுத்து, சில சமயம் ஒரே உறைக்குள், இருக்கின்றன. அதனால்தான் "டிரைவ்" என்று ஒரே வரியில் எழுதினால் எந்த வகைக்கும் பொருந்தாமல் போகிறது.

பெல்லோஸ் இரண்டாம் வகை. யூ-ஜாயின்ட் என்ற மடங்கும் மூட்டுகள் பொருத்தப்பட்ட தண்டு அதற்குள்ளே காய்ந்த நிலையில் சுழல்கிறது. அதன் முன்முனையில், பின்பலகையை ஒட்டி, அந்தத் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் இருக்கிறது. பெல்லோஸில் ஊசிமுனை அளவு வெடிப்பு விழுந்தாலும் படகு அன்றைக்கு எப்போதும்போலவே ஓடும். வேகம் குறையாது, சத்தம் வராது, எந்த அளவுமானியும் அசையாது. சொட்டுச் சொட்டாக உள்ளே புகும் நீர் பேரிங்கின் கிரீஸைக் கழுவிவிடும். யூ-ஜாயின்டின் ஊசி உருளைகள் துருப்பிடிக்கும். வெடிப்பு பெரிதானால், அந்த நீர் பேரிங்கின் சீலைக் கடந்து படகுக்குள்ளேயே வரத் தொடங்கும். படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் அதை அவ்வப்போது வெளியேற்றிக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் தெரியாது. பேட்டரி தீர்ந்த இரவில்தான் தெரியும். நின்ற இடத்திலேயே படகு மூழ்குவதற்கு இது பழகிப்போன காரணங்களில் ஒன்று.

பெல்லோஸை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு "கருப்பாகப் பளபளவென்றுதான் இருக்கிறது" என்பார்கள். மடிப்பின் மேட்டில் வெடிப்பு விழுவதில்லை. இரண்டு மேடுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில்தான் விழும். படகைக் கரையேற்றி, டிரைவை முழுவதும் தூக்கி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகக் கடைசிவரை திருப்ப வேண்டும். இப்போது கீழ்ப்புறமும் ஒரு பக்கமும் விரிந்து கொடுக்கும். டார்ச் விளக்கோடு மல்லாந்து படுத்து, பள்ளத்துக்குள் கட்டைவிரலை விட்டு ரப்பரை இன்னும் கொஞ்சம் பிளந்து பாருங்கள். நல்ல ரப்பர் வளைந்து கொடுத்து, விரலை எடுத்ததும் தன் இடத்துக்குத் திரும்பும். வயதான ரப்பர் விறைப்பாக இருக்கும். பள்ளத்தின் அடியில், கோடைக்காலத்துக் குளத்துச் சேறு வெடித்ததுபோல் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். பிறகு ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி இதையே மறுபடி செய்ய வேண்டும். கடல்நீரில் நிற்கும் படகானால் மடிப்புகளுக்குள் கொட்டலசு என்ற ஓட்டுயிர் ஒட்டி வளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டிரைவ் மடங்கும்போது அதன் ஓட்டு விளிம்பு கத்திபோல் ரப்பரை அறுக்கும். கிளாம்பின் திருகுப் பகுதி துருவேறியிருந்தாலும் அது வெடிப்புக்குச் சமம்தான்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இப்படித்தான் ஒரு படகைக் கரையேற்றிப் பார்த்தேன். பள்ளத்தில் மயிரிழைக் கோடுகள் இருந்தன; ஆனால் எதுவும் ஊடுருவியிருப்பதாகத் தெரியவில்லை. அந்த பெல்லோஸ் போட்டு எத்தனை ஆண்டுகள் என்று உரிமையாளருக்கும் நினைவில்லை. அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று நானே சொல்லி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து, பின்பக்கத்தில் உறுமல் கேட்கிறது என்று அவர் திரும்பி வந்தார். டிரைவின் நட்டுகளைத் தளர்த்திப் பின்னுக்கு இழுத்தபோது, காபி நிறத்தில் ஒரு வாளித் தண்ணீர் என் கால்களில் கொட்டியது. கிம்பல் பேரிங்கை விரலால் சுற்றினால் மணல் அரைவதுபோல் இருந்தது. யூ-ஜாயின்டின் தொப்பிகளைச் சுற்றிச் செம்பொடி படிந்திருந்தது. இரண்டு யூ-ஜாயின்ட்களில் ஒன்று ஒரு திசையில் அசையவே மறுத்தது. ஒரு ரப்பர் குழாயோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, பேரிங், இரண்டு யூ-ஜாயின்ட்கள், தண்டு என்று நீண்டது. தவறு என்னுடையது, கூலியில் பாதியை நான் வாங்கிக்கொள்ளவில்லை. "கோடு தெரிகிறது, ஆனால் ஒழுகவில்லை" என்ற வாக்கியத்தை அதன்பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படியானால் எத்தனை ஆண்டுகளுக்கு ஒரு முறை என்பதே அடுத்த கேள்வி. தயாரிப்பாளர்களின் கையேடுகள் ஒன்றுபோல் இல்லை. சில வகைகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். சில வகைகளுக்கு ஆண்டுதோறும் பரிசோதித்து, நிலைமையைப் பார்த்து மாற்றச் சொல்கிறார்கள். பட்டறைகளில் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள் என்ற வழக்கு நிலவுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தந்த டிரைவுக்குரிய கையேட்டையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதில் தெளிவான காலக்கெடு இல்லாதபோது, படகு எங்கே தூங்குகிறது என்பதை வைத்து முடிவுசெய்வேன். டிரெய்லரில் வீடு திரும்பும் படகின் பெல்லோஸை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்கலாம், ஒழுகினாலும் மூழ்குவதற்கு அங்கே தண்ணீர் இல்லை. மாதக்கணக்கில் நீரிலேயே நிற்கும் படகில் பார்ப்பதற்கும் வழியில்லை, ஒழுகினால் தப்புவதற்கும் வழியில்லை. முதலாவதற்கு நான்கு அல்லது ஐந்து ஆண்டு கொடுப்பேன். இரண்டாவதற்கு, ரப்பர் எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும், மூன்றாம் ஆண்டைத் தாண்ட விடமாட்டேன். போட்ட தேதி தெரியாத பெல்லோஸுக்கு வயது முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வேன்.

இங்கே ஓடிய மணிநேரத்தைக் கணக்கில் எடுப்பதில் பயனில்லை. "போன வருடம் முழுக்க இருபது மணிநேரம்கூட ஓட்டவில்லையே" என்று பலர் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். ரப்பர் ஓடித் தேய்வதைவிட நின்று மூப்படைவதே அதிகம். வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் அதற்குப் போதும். டிரைவைத் தூக்கி வைத்தபடியே மாதக்கணக்கில் நிறுத்தினால், பெல்லோஸின் ஒரு பக்கம் இழுபட்டும் மறுபக்கம் நசுங்கியும் அந்த வடிவத்திலேயே இறுகிப்போகும். பின்பு இறக்கி ஓட்டும்போது அந்த மடிப்புகளில்தான் வெடிக்கும். நிறுத்தும்போது டிரைவைக் கீழே இறக்கி வைப்பது செலவில்லாத காரியம். கடையில் வாங்கும் புதிய பெல்லோஸும் அலமாரியில் எத்தனை ஆண்டு கிடந்தது என்று பார்த்து வாங்க வேண்டியதே.

எஞ்சினின் புகை வெளியேறும் வழியிலுள்ள பெல்லோஸ் வேறு கதை. அது கிழிந்தால் வேகம் குறைந்த நேரத்தில் சத்தம் கூடும், அவ்வளவே. அதனால் படகு மூழ்காது. அதற்காகத் தனியே டிரைவைக் கழற்ற வேண்டாம். கியர் கேபிள் வெளியே வரும் இடத்திலுள்ள சிறு பெல்லோஸை மட்டும் அளவைப் பார்த்து அலட்சியம் செய்துவிடக் கூடாது; அதுவும் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது, அது கிழிந்தால் கேபிள் உறை வழியாகவே நீர் படகுக்குள் வழி கண்டுபிடித்துவிடும்.

கிம்பல் பேரிங் சொல்லிவிட்டுக் கெடும் வகை. ஆனால் அதன் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான டிரைவ்களில் எஞ்சின் ஓடினாலே, கியர் போடாவிட்டாலும், அந்தத் தண்டு சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே நியூட்ரலிலேயே உறுமல் கேட்டு, எஞ்சின் வேகத்தோடு அது ஏறி இறங்கினால், சந்தேகம் கிம்பல் பேரிங்கின் மீது. ஸ்டீயரிங்கை நன்றாகத் திருப்பும்போது மட்டும் டக்டக்கென்று தட்டினால் யூ-ஜாயின்டைப் பாருங்கள். கியர் விழுந்தபிறகே சத்தம் வருமானால் இரண்டையும் விட்டுவிட்டு டிரைவின் உள்ளே தேட வேண்டும். டிரைவ் வெளியே வந்துவிட்டால் காதை நம்பவேண்டிய தேவையே இல்லை. பேரிங்கின் உள்வளையத்தை விரலால் மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு உருண்டையின் நலமும் நகக்கண்ணில் தெரியும். யூ-ஜாயின்டை நடுநிலையிலிருந்து மெல்ல மடக்கிப் பார்க்க வேண்டும். நேராக நிற்கும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் சிக்கினால், ஊசி உருளைகள் அங்கே தடம் பதித்துவிட்டன என்று பொருள், கிரீஸ் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது.

மாற்றும் முடிவில் பலர் கணக்குத் தவறுவது இந்த இடத்தில்தான். பாகத்தின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். படகைக் கரையேற்றுவதும், டிரைவைக் கழற்றுவதும், திரும்பப் பொருத்துவதும்தான் செலவில் பெரும்பகுதி. பின்பலகைக்கும் டிரைவுக்கும் இடையே மறைந்திருக்கும் எந்தப் பாகத்தைத் தொடவும் அதே உழைப்பு தேவைப்படுகிறது. பெல்லோஸுக்காகக் கழற்றியபோது, "பேரிங் இன்னும் ஓராண்டு தாங்கும்" என்று அதை விட்டுவிட்டால், அந்த ஓராண்டு முடிந்ததும் மறுபடி முழுக் கூலியையும் கொடுத்து, புதிதாகப் போட்ட பெல்லோஸையும் கலைக்க வேண்டிவரும். எனவே கழற்றியவுடன் கேட்க வேண்டியது "இது கெட்டுவிட்டதா" என்பதன்று, "அடுத்த முறை கழற்றும்வரை இது தாங்கும் என்று கையெழுத்துப் போடுவாயா" என்பதே. பெல்லோஸுக்கு மூன்று ஆண்டு என்றால், பேரிங்கும் நீர்க்குழாயும் கியர் கேபிளும் அந்த மூன்று ஆண்டைத் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் மூன்றையும் அப்போதே மாற்றிவிடுவேன். பேரிங்கை மாற்றினால் எஞ்சினின் நேர்வரிசையை அதற்கான கம்பியை விட்டுச் சரிபார்க்காமல் டிரைவைப் பொருத்தவே கூடாது. கம்பி இரண்டு விரல் வலுவில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால், புதிய பேரிங் பழையதைவிடச் சீக்கிரம் போய்விடும், எஞ்சினோடு இணைக்கும் கப்ளரின் பற்களும் கூடவே போகும்.

இவ்வளவும் படித்துவிட்டு எல்லாவற்றையும் ஆண்டுக்கொரு முறை புதிதாக்கிவிடலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக மறுபக்கத்தையும் சொல்கிறேன். விமானப் பராமரிப்பில் ஒரு காலத்தில், இத்தனை மணிநேரம் பறந்தால் எல்லாவற்றையும் பிரித்துப் புதுப்பித்தாக வேண்டும் என்பதே வேதமாக இருந்தது. அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய நோலன், ஹீப் ஆகிய இருவர் 1978-இல் வெளியிட்ட அறிக்கை அதை அசைத்தது. அவர்கள் ஆராய்ந்த பாகங்களில் 89 சதவீதத்துக்கு வயது வரம்பு விதிப்பதால் பயனில்லை என்றும், மீதி 11 சதவீதத்துக்கே அது உதவக்கூடும் என்றும் அவர்கள் கண்டார்கள். நன்றாக இருப்பதைப் பிரித்துப் பூட்டுவதாலேயே புதிய பழுதுகள் நுழைகின்றன என்பதும் அந்தத் துறைக்கு அப்போது உறைத்த பாடம். ஸ்டெர்ன்டிரைவில் அந்த எச்சரிக்கை கியர்களுக்கும் அவற்றைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் அப்படியே பொருந்தும். அவற்றின் பற்கள் ஒன்றோடொன்று சந்திக்கும் இடைவெளி, காகிதம்போல் மெல்லிய ஷிம் தகடுகளால் சரிசெய்யப்பட்டிருக்கும். உரிமையாளர் ஒருவரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, குறையேதும் இல்லாத ஒரு டிரைவின் உள்பேரிங்குகளை "முன்னெச்சரிக்கையாக" மாற்றிக் கொடுத்தேன்; அடுத்த பருவத்திலேயே அதில் முன்பு இல்லாத ஒரு ரீங்காரம் கேட்கத் தொடங்கியது. ஷிம்மை மறுபடி அளந்து சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. கியர்கள் சொல்லிவிட்டுக் கெடுபவை, அவற்றின் மொழி ஆயில். அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர் அவற்றைத் தொடவே வேண்டாம்.

ஆயிலைப் படிப்பதும் கடினமல்ல. ஆண்டுக்கு ஒரு முறை அல்லது நூறு மணிநேரம், எது முதலில் வருகிறதோ அப்போது, கியர் ஆயிலை மாற்ற வேண்டும் என்பது பரவலான விதி. படகை ஓரிரவு அசையாமல் வைத்துவிட்டு அடித்திருகை மெல்லத் தளர்த்தினால், உள்ளே நீர் பிரிந்து நின்றிருந்தால் ஆயிலைவிடக் கனமான அதுதான் முதலில் சொட்டும். கலந்துவிட்ட நீர், ஆயிலைப் பால்போல் வெளுக்கச் செய்திருக்கும். காந்தம் பதித்த திருகாக இருந்தால் அதன் நுனியில் சாம்பல்நிறக் களிம்பு கொஞ்சம் இருப்பது இயல்பு. விரல்களுக்கு இடையே உருட்டினால் குத்தும் சிராய்கள் இருந்தால் அது கியரோ பேரிங்கோ உதிர்வதன் அடையாளம். எஞ்சின் அருகே ஆயில் புட்டி இருக்கும் டிரைவ்களில் அதன் மட்டம் குறைந்தால் ஆயில் எங்கோ வெளியேறுகிறது. சூட்டில் சிறிது ஏறுவது போக, மட்டம் ஏறிக்கொண்டே வந்தால் நீர் உள்ளே வருகிறது. நீர் கண்டவுடன் எல்லா சீல்களையும் மொத்தமாக மாற்றுவது அவசரக்காரரின் வேலை. முதலில் கையேடு குறிப்பிடும் அளவுக்குக் காற்றழுத்தம் கொடுத்து எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு வெற்றிடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் உதட்டு சீல் ஒரு திசையில் அடைத்து மறுதிசையில் விடுவது உண்டு. புரொப்பெல்லர் தண்டின் சீல்தான் குற்றவாளி என்று தெரிந்தால், அந்தத் தண்டில் பழைய சீல் அறுத்த பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்காமல் புதியதைப் போடுவதில் அர்த்தமில்லை. புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்புதான் அந்த சீலின் முதல் எதிரி; ஒவ்வொரு முறை படகு கரையேறும்போதும் புரொப்பெல்லரைக் கழற்றி, நரம்பை அகற்றி, தண்டின் பற்களுக்குக் கிரீஸ் தடவி மாட்டுவது அரைமணி நேர வேலை.

துத்தநாகக் கட்டி என்று நாம் பொதுவாகச் சொல்லும் அனோடுகள் தேய்வதற்காகவே வைக்கப்பட்டவை. பாதி கரைந்ததும் மாற்றுங்கள் என்ற விதிக்கு மேல் அதில் விவாதம் இல்லை. ஆனால் கரையாத அனோடைக் கண்டு மகிழ்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அதன்மேல் யாரோ பெயின்ட் அடித்திருப்பார்கள், அல்லது அதற்கும் டிரைவுக்கும் மின்தொடர்பு அறுந்திருக்கும், அல்லது நன்னீரில் துத்தநாகத்தைப் போட்டு அதன்மேல் வெள்ளைத் தோல் படிந்து அது செயலிழந்திருக்கும். அப்போது கரைவது டிரைவின் அலுமினிய உடம்பு. கடல்நீருக்குத் துத்தநாகமோ அலுமினியமோ, கடல்நீரும் நன்னீரும் கலந்த உவர்நீருக்கு அலுமினியம், நன்னீருக்கு மெக்னீசியம் என்பதே பொதுவான தேர்வு. மெக்னீசியத்தைக் கடலில் போட்டால் சில வாரங்களிலேயே காணாமல் போய்விடும். நல்ல அனோடு முன்பெல்லாம் ஒரு பருவம் வந்துகொண்டிருந்து, இப்போது ஒரே மாதத்தில் கரைந்தால், அனோடை மாற்றிக்கொண்டே இருப்பதை நிறுத்திவிட்டு, கரையிலிருந்து வரும் மின்னிணைப்பையோ பக்கத்துப் படகையோ சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சினைக் குளிர்விக்க வெளிநீரை உறிஞ்சும் பம்பின் இம்பெல்லரை, அதாவது அதற்குள் சுழலும் ரப்பர் இறக்கைச் சக்கரத்தை, பற்றி ஒரு வார்த்தை. அது இருக்கும் இடத்தைப் பொறுத்து முடிவு மாறுகிறது. மெர்க்ரூசரின் ஆல்ஃபா போன்ற டிரைவ் வகைகளில் அது டிரைவுக்குள்ளேயே இருக்கிறது, அதைத் தொட டிரைவின் கீழ்ப்பகுதியைப் பிரித்தாக வேண்டும்; அதே மெர்க்ரூசரின் பிராவோ வகையிலும் பல வால்வோ பென்டாக்களிலும் எஞ்சின் மீதுள்ள பம்பில் இருக்கிறது, மூடியைக் கழற்றினால் கையில் வந்துவிடும். கையில் வருவதை ஆண்டுதோறும் மாற்றலாம். டிரைவுக்குள் இருப்பதை இரண்டு ஆண்டுக்கு மேல் நீட்டிக்க நான் விரும்புவதில்லை. கீழ்ப்பகுதியை வேறு காரணத்துக்காகப் பிரித்தால், ஆறு மாதம்தான் ஆகியிருந்தாலும், புதிதைப் போட்டுவிடுவேன். கழற்றிய இம்பெல்லரின் இறக்கைகள் ஒரே பக்கமாக மடங்கி நிமிர மறுத்தால் அதன் காலம் முடிந்தது. ஓர் இறக்கை முறிந்து காணவில்லை என்றால் வேலை அப்போதுதான் ஆரம்பம்; அந்தத் துண்டு குழாயிலோ ஆயில் கூலரிலோ வெப்பமாற்றியிலோ சிக்கியிருக்கும், அதைக் கண்டுபிடித்து எடுக்காமல் புதிய இம்பெல்லரைப் போட்டு அனுப்பினால் எஞ்சின் மறுபடி சூடாகித் திரும்பி வரும். நீரில்லாமல் சில நொடிகள் ஓடினாலே அது கருகத் தொடங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அப்படி ஒரு முறை ஓடிவிட்டதென்றால் அதன் வயதைக் கணக்கிட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

கியர் கேபிளுக்குச் சொல்ல வேண்டியது குறைவு. லீவர் இறுகத் தொடங்கினாலோ, நியூட்ரலுக்கு வரும்போது எஞ்சின் நின்றுபோனாலோ, கார்புரேட்டரைக் குடையும் முன் கேபிளைப் பாருங்கள். ஓடும் எஞ்சினோடு துறையை நெருங்கும் நேரத்தில் கியர் விடுபட மறுத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தங்கள் கட்டுரையாளர் மீது எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை; எஞ்சினைப் பற்றி அவர் எழுதியதைக் கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அந்த அட்டவணையை மறுபடி வெளியிடும் வாய்ப்பு வந்தால் "டிரைவ்" என்ற வரியை நீக்கிவிட்டு, பெல்லோஸுக்கு ஆண்டுக்கணக்கும், ஆயிலுக்கு ஆண்டும் மணிநேரமும், அனோடுக்குப் பாதி என்ற அளவும், கிம்பல் பேரிங்குக்கு "டிரைவைக் கழற்றும்போதெல்லாம்" என்பதும் தனித்தனி வரிகளாக இடம்பெறச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைசியில், எந்தப் பாகம் எந்தத் தேதியில், மணிமானி எவ்வளவு காட்டியபோது மாற்றப்பட்டது என்று உரிமையாளர் தம் கையால் எழுதிக்கொள்ள ஒரு காலிக் கட்டமும் விட்டுவைத்தால், கரையேற்றிய படகின் அடியில் டார்ச்சோடு படுத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்